தாய்மாமனும் ஐம்பது ஓவர்களும்

நெடுந்தீவு
20.01.2025

அன்புள்ள அண்ணை,

இங்கே மூன்று பேரும் சுகம். அங்கே அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் உங்கள் முழங்காலுக்கும் நான் சுகம் கேட்டதாகச் சொல்லுங்கள்.

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் கதைப்பீர்கள், நான் ‘ஓம், ஓம்’ என்பேன், அதோடு முடிந்துவிடும். எழுதினால் இடையில் புகுந்து கதைக்க உங்களுக்கு ஏலாது.

தாரிகாவுக்குக் கலியாணம் சரிவந்திருக்கிறது. பொடியனுக்கு ஊர் மண்கும்பான், பெயர் சுஜிதன், வேலணையில் வங்கியில் வேலை. இரண்டு பேரும் தாங்களே பேசி முடித்துவிட்டுத்தான் எங்களிடம் சொன்னார்கள். சாதகம் பிறகு வந்து பொருந்தியது. ஆவணி மாதம், எங்கள் வளவிலேயே பந்தல். மண்டபம் வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாள்.

கன்னிக்கால் நடத் தாய்மாமன் வேண்டும். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். முள்முருக்கில் ஒரு தடி வெட்டி இந்த வளவுக்குள் நீங்கள் நட வேண்டும். அவள் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்திய வீட்டுக்கு நீங்கள் வரவில்லை. அடுத்த தெருவிலிருந்து மாமன் முறையான ஒருவரைப் பிடித்துத் தேங்காய் உடைப்பித்தோம். அவர் போன பிறகு, “அம்மா, அந்த மாமா ஆர்?” என்று கேட்டாள். அந்தக் கேள்வி இன்னொரு தடவை என் வீட்டில் வேண்டாம்.

வருவீர்களா? ஒரு சொல் எழுதினால் போதும்.

இவர் உங்களைச் சுகம் கேட்டார் என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆகவே எழுதவில்லை.

தலைக்குள் பந்தலைப் போட்டுப் போட்டுப் பிடுங்கிக்கொண்டிருக்கும்,
தங்கை நிலாந்தி


ஸ்காபரோ
26.02.2025

என் அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே பனி முழங்காலளவு கிடக்கிறது. முழங்காலும் அந்தப் பனியைப் போலத்தான், விறைத்துப்போய் இருக்கிறது. மற்றபடி குறையில்லை. உங்களை நயினை அம்மன் பார்த்துக்கொள்ளட்டும்.

தாரிகாவின் செய்தி கேட்டு மிக்க சந்தோசம். அவளுக்கு என் ஆசீர்வாதம்.

இந்த மாதம் கொழும்பில் எங்கட பொடியள் உலக சம்பியன் அவுஸ்திரேலியாவை இரண்டு ஒருநாள் ஆட்டங்களிலும் மடக்கியதைப் பார்த்திருப்பாய். அப்படி ஆடத் தெரிந்தவர்கள், இப்போது நடக்கும் சம்பியன்ஸ் கிண்ணத்தில் இல்லை. போன உலகக் கிண்ணத்தில் ஒன்பதாவதாக வந்தவர்கள். எட்டு நாடுகளுக்குத்தான் இடமாம். எங்களுக்கு மட்டுமா இடமில்லை? ஒருநாள் ஆட்டத்துக்கே இடமில்லாமல் போகிறது. ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குப் போனால் முன்பு ஐந்து ஆட்டம், ஏழு ஆட்டம். இப்போது ஒப்புக்கு இரண்டு மூன்று. 2027 உலகக் கிண்ணம் வரை உயிர் கிடக்கும் என்கிறார்கள். அதற்குப் பிறகு என்ன என்று கேட்டால் எல்லோரும் வேறு கதை கதைக்கிறார்கள்.

நான் ஒன்று யோசித்திருக்கிறேன். ஐயாவின் பெயரில் ‘சரவணமுத்து ஞாபகார்த்தக் கிண்ணம்’. எங்கள் ஊர் இறுப்பிட்டிக்கும் நீ வாழப்போன நெடுந்தீவுக்கும் முன்பு நடந்த மட்சைத் திரும்ப வைப்போம். முழு ஐம்பது ஓவர். வெள்ளைப் பந்து, நிற உடுப்பு. ஆவணியில் வைத்தால் வசதி. நீ கந்தோரில் உத்தியோகம் பார்க்கிறாய், நாலு பேரைத் தெரியும். ஒழுங்குகளைப் பார்.

அன்புடன்,
அண்ணை நாகேந்திரன்


நெடுந்தீவு
22.03.2025

அன்புள்ள அண்ணை,

வெயில் தொடங்கிவிட்டது, கிணறு இறங்கிவிட்டது, நாங்கள் சுகம். அண்ணியும் சுகமென்று நினைக்கிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நான் கேட்ட கேள்விக்கு எந்த வரியில் பதில் இருக்கிறது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

இருந்தாலும் நீங்கள் சொன்னீர்கள் என்று விளையாட்டுக் கழகச் செயலாளர் தேனுஜனைப் போய்ப் பார்த்தேன்.

“ஐம்பது ஓவரோ அன்ரி? ரண்டு பக்கமும் சேர்த்தோ?”

“ஒரு பக்கத்துக்கு.”

“அப்ப நூறு!” தலையில் கைவைத்துக்கொண்டு மதிலில் சாய்ந்துவிட்டான். “இருவதாவது ஓவருக்கு மேல ஆர் எந்தப் பக்கம் எண்டே எனக்கு மறந்திடும். மாமாவைக் கேளுங்கோ, நாங்கள் கடலுக்குப் போறதோ, வெயிலுக்க நிண்டு கருவாடாகிறதோ?”

அவர்கள் விளையாடுவது மென்பந்து, பத்து ஓவர், பின்னேரம் லைட் போட்டு. ஒரு பின்னேரத்தில் நாலு மட்ச் முடிந்துவிடுகிறது. பழைய பிட்சில் இப்போது தீவின் காட்டுக் குதிரைகள்தான் படுத்துக் கிடக்கின்றன. எழுப்பினால் முறைக்கின்றன.

படகையும் மறந்துவிட்டீர்கள். நூறு ஓவர் முடியும் வரை இறுப்பிட்டி ஆட்களை ஏற்றிப்போகும் கடைசிப் படகு எங்கே காத்திருக்கப் போகிறது? அதற்காகத்தானே ஐயாவும் என் மாமனாரும் கூடிப் படகுச் சட்டம் போட்டார்கள்? ஹோர்ன் அடித்தால் ஆட்டம் அந்த இடத்தில் நிற்கும். முதலில் ஆடியவர்கள் அதே ஓவரில் எவ்வளவு எடுத்திருந்தார்கள் என்று பார்த்து, கூட எடுத்தவர்களுக்கு வெற்றி. உங்கள் முழு ஐம்பது ஓவர் இந்தத் தீவில் ஒரு நாளும் நடந்ததேயில்லை, அண்ணை.

கன்னிக்கால் நட வருவீர்களா?

நிலாந்தி


ஸ்காபரோ
04.05.2025

அன்புத் தங்கச்சிக்கு,

பனி போய்விட்டது, முழங்கால் வலி போகவில்லை. உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் வேண்டுதல்.

தேனுஜனைக் குறை சொல்லமாட்டேன். அவனுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. 1971-ல் மெல்பேர்ணில் மழை ஒரு ஐந்து நாள் ஆட்டத்தைக் குழப்பியது. வந்த சனத்துக்கு எதையாவது காட்டவேண்டும் என்று ஒரு நாளில் முடிகிற மாதிரி ஓர் ஆட்டத்தை வைத்தார்கள். அதுதான் தொடக்கம். முதல் உலகக் கிண்ணம் அறுபது ஓவர், வெள்ளை உடுப்பு, சிவப்புப் பந்து. 1979-ல் நாங்கள் இந்தியாவை அடித்தபோது குருநாகல் கடையில் ஐயா அரிசி நிறுக்கிறதை விட்டுவிட்டு வானொலியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். 83 கலவரத்தில் கடை எரிந்தது. அந்த வானொலி மட்டும் ஊருக்கு வந்தது. 96-ல் கிண்ணம் வென்ற இரவு, கரண்ட் இல்லாத ஊரில் நான் சைக்கிளைத் தலைகீழாக வைத்துப் பெடலைச் சுற்ற, டைனமோவில் அதே வானொலி பாடியது. நீயும் சுற்றினாய்.

பதினைந்தாவது ஓவருக்கும் நாற்பதாவது ஓவருக்கும் இடையில் ஒன்றும் நடப்பதில்லை என்று இந்தக் காலத்துப் பொடியள் கொட்டாவி விடுகிறார்கள். மட்சே அங்கேதான் இருக்கிறது. ஒன்று ஒன்றாக எடுத்து, விக்கெட்டைக் காப்பாற்றி, கடைசிக்குச் சேர்த்து வைக்க வேண்டும்.

2003-ல் நான் சேர்த்து வைத்தேன். தொண்ணூறைத் தாண்டி நின்றேன். சேர்த்து வைக்கிறவனுக்குத்தான் படகுச் சட்டத்தில் அடி. வழமையைவிட எவ்வளவோ முந்தி ஹோர்ன் அடித்தது. அடித்ததுதான் தாமதம், உன் மனுசன் எல்லைக்கோட்டில் இரண்டு கையையும் தூக்கித் துள்ளினார். அந்தத் துள்ளல் இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஹோர்னை அடிப்பித்தது யார் என்று எனக்குத் தெரியும்.

இந்த முறை படகுச் சட்டம் இல்லை. தனிப்படகு பிடிப்போம்.

நாகேந்திரன்


நெடுந்தீவு
31.05.2025

அன்புள்ள அண்ணை,

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. கந்தோரால் வந்தால் தலைமயிருக்குள் அரைக்கொத்து மண். வேறு நோய் நொடியில்லை. அண்ணியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

இருபத்திரண்டு வருடமாக இந்த ஹோர்ன் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போய்விட்டது. ஆகவே போன ஞாயிற்றுக்கிழமை, அந்த நாள் படகோட்டி மார்க்கண்டு அண்ணையைத் தேடி இறங்குதுறைக்கே போனேன். வயது போய்விட்டது, படகு வருகிற நேரம் பார்த்து வந்து குந்தியிருப்பது மட்டும்தான் இப்போது அவருடைய வேலை.

“மார்க்கண்டண்ணை, 2003-ல இறுப்பிட்டியாரோட நடந்த மட்சில நீங்கள் ஹோர்னை முந்தி அடிச்சது ஏன்?”

“எந்த மட்ச்?”

“எங்கட அண்ணை நிண்டு ஆடினவர். தொண்ணூறு அடிச்சவர்.”

“பிள்ளை, நான் ஒவ்வொரு நாளும் ஹோர்ன் அடிச்சனான். காத்தெழும்பினா வெள்ளன அடிப்பன். சனம் ஏறினா வெளிக்கிடுவன். அங்கால ஆர் துள்ளினான், ஆர் அழுதான் எண்டு நான் பாக்கிறதோ, கடலைப் பாக்கிறதோ?” பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: “அதுசரி, ஆர் வெண்டது?”

ஒரு குடும்பத்தையே இரண்டாக நிறுத்திய மனிதருக்கு மட்சே ஞாபகமில்லை, அண்ணை.

நீங்கள்தானே எழுதினீர்கள், ஒருநாள் ஆட்டமே மழை குழப்பியதால் பிறந்தது என்று? அந்த மழையை மன்னித்துவிட்டீர்கள். எங்கள் ஊர்க் காற்றைத்தான் மன்னிக்க ஏலாமல் இருக்கிறது.

உங்கள் நடு ஓவர்களைப் பற்றியும் ஒரு சொல். ஒரு மட்சிலும் நான் அவற்றைக் கண்டதில்லை. பதினைந்துக்கும் நாற்பதுக்கும் இடையில் நாங்கள் குசினிக்குள் உங்கள் இரண்டு பக்கத்துக்கும் சோறு வடித்துக்கொண்டிருந்தோம். அங்கே நிறைய நடந்தது.

அம்மாவின் செத்தவீட்டுக்கு வந்தபோது, எட்டாம் நாள் செலவு முடிந்து நான் இங்கே திரும்பிய பிறகு, நீங்கள் இங்கே படகு ஏறும் குறிகட்டுவான் துறை வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனீர்கள் என்று ஆட்கள் சொன்னார்கள். நான் அன்று உங்களுக்கும் சேர்த்து உலை வைத்திருந்தேன். ஏன் திரும்பினீர்கள் என்று இதுவரை கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

மற்றக் கேள்வியும் அப்படியேதான் இருக்கிறது.

நிலாந்தி


ஸ்காபரோ
28.06.2025

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். உங்கள் சுகமும் அதுபோல் ஆகுக.

மார்க்கண்டு மறந்ததுபோல் நடிக்கிறான். போகட்டும்.

இந்த ஆடியிலிருந்து ஒருநாள் ஆட்டத்தில் பந்துச் சட்டம் மாறுகிறது தெரியுமா? இரண்டு பக்கமும் இரண்டு புதுப்பந்து என்று ஆக்கிப் பந்துவீச்சாளனின் கையைக் கட்டிப்போட்டிருந்தார்கள். இனி முப்பத்திநாலாவது ஓவரோடு ஒரு பந்தைத் தூக்கி வைத்துவிட்டு, மிச்சத்தை மற்றப் பந்தாலேயே போட வேண்டும். பந்து பழசாகும், பழையபடி சுழலும். சாகக் கிடக்கும் ஆட்டத்துக்கு இது நல்ல மருந்து. மண்டைதீவில் பெரிய மைதானம் வரப்போகிறது என்றும் கேள்விப்படுகிறேன். அங்கே ஐம்பது ஓவர் நடக்குமோ, இருபதுதான் நடக்குமோ, ஆர் கண்டது.

எங்கள் மட்சை இறுப்பிட்டியிலேயே வைத்துவிடு. படகுப் பிரச்சினை அவர்களுக்கு, எனக்கில்லை.

கலியாணத்துக்கு வரத்தான் வேண்டும். அன்று முதற்படகில் வந்து, தாலிகட்டு முடியக் கடைசிப் படகில் திரும்பிவிடுவேன். சாப்பாட்டுக்கு என்னை எண்ண வேண்டாம். கன்னிக்கால் முந்தின நாட்களில் நடுவது; அதற்கு மாமன் முறையான யாரையும் பிடிக்கலாம்தானே.

நாகேந்திரன்


நெடுந்தீவு
17.07.2025

அண்ணை,

சுகமாக இருக்கிறோம்.

மட்ச் இல்லை. இறுப்பிட்டியிலும் இல்லை, இங்கேயும் இல்லை. தேனுஜனுக்கும் உங்கள் பக்கத்துப் பொடியன்களுக்கும் சொல்லிவிட்டேன். இரண்டு பக்கமும் எனக்கு நன்றி சொன்னது. இந்த மட்சை விரும்பியவர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான்.

நீங்களும் மட்சை விரும்பினீர்களா என்று எனக்குச் சந்தேகம். ஒரு தங்கச்சியின் வீட்டுக்கு வர ஐம்பது ஓவர், இரண்டு நிறத்தில் உடுப்பு, ஒரு கிண்ணம் எல்லாம் தேவைப்பட்டிருக்கிறது. நானும் மடைச்சி மாதிரி நாலைந்து மாதம் அதற்குப் பின்னால் ஓடினேன். கந்தோரில் எல்லோருக்கும் ஒழுங்கு சொல்லிக்கொடுக்கிறவள். ஒழுங்கு செய்து செய்து, எனக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கிற பழக்கம் விட்டுப்போயிருக்கிறது.

இவருக்கு முன்னால் உங்களைப் பற்றிக் கதைக்காமல் இருக்கவும், உங்களுக்கு எழுதும்போது இவரை எழுதாமல் இருக்கவும் பழகிவிட்டேன். யாரும் இதைச் செய்யச் சொல்லவில்லை. செய்யாதே என்றும் யாரும் சொல்லவில்லை.

ஆக, முதற்படகில் வந்து கடைசிப் படகில் போகிறவராக நீங்கள் வர வேண்டாம். விருந்தாட்கள் அப்படித்தான் வருவார்கள். அவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மாமன் முறையான யாரையும் நான் பிடிக்கப் போவதுமில்லை. “மாமன் இல்லாமல் எப்பிடிப் பிள்ளை?” என்று ஐயர் கேட்டார். “நான் நடுறன் ஐயா, மந்திரத்தை எனக்குச் சொல்லித் தாங்கோ” என்றேன். தாரிகா சிரித்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இனி இந்தக் கேள்வியை நான் கேட்கமாட்டேன்.

நிலாந்தி


நெடுந்தீவு
18.07.2025

மச்சான் நாகேந்திரனுக்கு,

உம்மட தங்கச்சியின்ர மனுசன் குணசீலன் எழுதிறன். நிலாந்தி கந்தோருக்குப் போன நேரம் எழுதிறன், அவவுக்குத் தெரியாது. எழுத்துப் பிழையிருந்தா பொறுத்துக்கொள்ளும். நீர் சுகமோ?

ஹோர்ன் அடிக்கச் சொல்லி நான் ஆருக்கும் சொல்லேல்லை. அடிச்ச உடன துள்ளினனான், அது உண்மை. நீர் நிண்ட நிலைக்கு இன்னும் அஞ்சாறு ஓவர் போயிருந்தா எங்களைத் துவைச்சுக் காயப் போட்டிருப்பீர். எனக்குத் தெரியும், எங்கட போலர்மாருக்கும் தெரியும். அதுதான் துள்ளினனான். தப்பிச்சவன் துள்ளுவான்தானே? அண்டைக்கே வந்து உமக்கு இதைச் சொல்லியிருக்கலாம். கிண்ணம் என்ர கையில இருந்தது. வெண்டவன் ஏன் போய்க் கதைப்பான் எண்டு இருந்திட்டன். இப்ப அந்தக் கிண்ணத்துக்க நிலாந்தி அகப்பையள் போட்டு வைச்சிருக்கிறா.

அவ உமக்குக் கடைசியா எழுதினதை நான் வாசிக்கேல்லை. ஒட்டிப்போட்டுப் போய்ச் சட்டி பானையைப் போட்டு உருட்டினா. கோவத்தில உருட்டிற சத்தம் வேற, இது வேற. எனக்கு விளங்கும். நீர் அந்தக் குசினிக்குள்ள வந்ததில்லை, உமக்கு விளங்காது.

வாரும். நீர் வராட்டி நான் உம்மை ஏசிப் பேசுவன். அவ பேசமாட்டா. எது மோசமெண்டு நீரே யோசியும்.

மச்சான் குணசீலன்


ஸ்காபரோ
08.08.2025

அன்புத் தங்கச்சி நிலாந்தி,

இதை ஊருக்கு வரும் ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன். தபாலை நம்ப நேரமில்லை.

ஓம்.

இம்மாதக் கடைசியில் வருகிறேன். தனியத்தான் வருகிறேன். கன்னிக்காலுக்கு முதலே வந்துவிடுவேன். எனக்கு அந்தத் தடியை எப்படி வெட்டுவது, எந்தப் பக்கம் பார்த்து நடுவது என்று ஒன்றும் தெரியாது. ஐயரைப் பக்கத்தில் நிற்கச் சொல். நிலத்தில் சம்மணம் கட்டி இருக்க ஏலாது. ஒரு கதிரை வேண்டும்.

குறிகட்டுவானைப் பற்றிக் கேட்டிருந்தாய். படகு கட்டி நின்றது. ஒரு காலை உள்ளே வைத்தும்விட்டேன். உன் வாசலில் உன் மனுசன் “வாரும்” என்று சொன்னால் திருப்பி என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவ்வளவுதான். அதற்குப் பெரிய காரணம் ஏதோ இருந்ததாக இத்தனை காலமும் நானே நம்பிக்கொண்டிருந்தேன். எழுத உட்கார்ந்தால் இவ்வளவுதான் வருகிறது.

உன் வீட்டில் எனக்குப் படுக்க ஓர் இடம் இருக்குமா?

அண்ணை


நெடுந்தீவு
24.09.2025

அன்புள்ள அண்ணை,

சுகமாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று இவர் சொன்னார். உங்களோடு போனில் கதைக்கிற சத்தம் கிணற்றடி வரைக்கும் கேட்கிறது. ஆகவே எனக்கு யாரும் தனியாக அறிவிக்கத் தேவையில்லை.

நீங்கள் நட்ட கன்னிக்கால் கொஞ்சம் சரிந்துதான் நிற்கிறது. துளிர்த்தது, துளிர்த்ததைக் குதிரை வந்து கடித்துவிட்டது. ஓலையால் சுற்றிக் கட்டியிருக்கிறேன். தாரிகா மண்கும்பானிலிருந்து கிழமைக்கு ஒரு தடவை வருகிறாள். “மாமா எப்ப திரும்ப வருவார்?” என்று கேட்கிறாள். ‘அந்த மாமா’ என்று சொல்லவில்லை, கவனித்தேன்.

இனி என் முறைப்பாடு. நீங்கள் இந்த வீட்டுக்கு வர வேண்டும் என்று எவ்வளவு காலம் காத்திருந்தேன்? வந்தீர்கள். வந்து இவரோடு பந்தல்காலில் சாய்ந்துகொண்டு, முப்பத்திநாலாவது ஓவரில் எந்தப் பந்தை வைப்பது, எந்தப் பந்தை எடுப்பது என்று ஒரு கிழமை முழுக்கக் கதைத்தீர்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியதைக்கூட இரண்டு பேரும் காணவில்லை. மாலையோடு நான் ஓடி வந்தேன். கலியாணத்துக்கு அடுத்த நாள் பொடியன்களோடு பத்து ஓவர் ஆடப் போனீர்கள். இரண்டாவது ஓவரிலேயே மூச்சு வாங்கி, நடுப் பிட்சில் கதிரை கேட்டீர்கள். “மாமா, இன்னும் நாப்பத்தெட்டு ஓவர் கிடக்கு” என்று தேனுஜன் கத்தினான். நீங்களே சிரித்துவிட்டீர்கள். எல்லாம் நல்லதுதான். எனக்கு மட்டும் உங்களோடு இருந்து கதைக்க அரை மணித்தியாலம் கிடைக்கவில்லை. இரண்டு தரம் சந்தர்ப்பம் வந்தது. இரண்டு தரமும் பருப்பு அடிப்பிடித்தது.

பந்தியில் அடுத்த வளவு இராசேஸ்வரி அக்கா, “மனுசி ஏன் வரேல்லை, நாகேந்திரம்?” என்று கேட்டபோது நீங்கள் தண்ணீர் கேட்டீர்கள். செம்பு நிறையத் தண்ணீர் உங்கள் முன்னால் இருந்தது. நான் குசினி வாசலில் நின்று பார்த்தேன். விடியற்காலையில் எல்லோருக்கும் முன்னால் எழும்பி மதிலடியில் தனிய நின்றதையும் பார்த்தேன். நான் வந்தால் குதிரைகளைப் பற்றிக் கேட்டீர்கள்.

நீங்கள் என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்று ஆறு மாதம் கத்தினேன். அந்த ஆறு மாதமும் நான் கேட்டது என் வீட்டுக் காரியத்தை மட்டும்தான். உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒரு வரி கேட்கவில்லை. கடிதத்தின் தலையில் எழுதவேண்டும் என்பதற்காக அண்ணியைச் சுகம் கேட்டேன். எழுதிய கையோடு மறந்தும் போனேன். உங்கள் ஒரு கடிதத்திலும் அண்ணியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்று இப்போதுதான் பார்க்கிறேன்.

இதற்குப் பதில் போனில் வேண்டாம். போனை இவர் எடுத்துவிடுவார், நீங்களும் பந்தைப் பற்றித் தொடங்கிவிடுவீர்கள். ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். அதில் கிரிக்கெட் இருக்கக்கூடாது. எவ்வளவு நீளமாக இருந்தாலும் இருந்து வாசிப்பேன். பருப்பு அடிப்பிடித்தால் பிடிக்கட்டும்.

நீங்கள் சுகமா, அண்ணை?

தங்கை நிலாந்தி